முதுகுத் தட்டும் இரத்த சிகிச்சையும்

(கொல்லிமலை செம்மேட்டில் கூடிய நமது சங்கத்தாரிடையே நிகழ்த்திய உபந்நியாசம்)



காரவள்ளியிலிருந்து 70 வளைவுகள் ஏறிவரும் மோட்டார் சாலை அமைந்த பின்னரும், நமது மலையில் பல ஊர்களின் மிளகு மூட்டையும் விறகுக் கட்டும் நம்மவர் தலையிலும் முதுகிலுமே வருகின்றன. ஆதலின் இடுப்பு வலி நமது குடும்பங்களுக்குப் புதிதன்று. இப்போது, அவரவர் இரத்தத்தைக் கொண்டே தேய்ந்த தட்டை வளர்த்துத் தருவதாகச் சொல்லும் சிகிச்சையொன்று பேசப்படுகிறது. அதன் உண்மை யாதென ஆராய்வோம்.

முதுகெலும்பின் கணுக்களிடையே டிஸ்க் எனப்படும் தட்டுக்கள் உள்ளன. நடுவே நுங்கு போன்ற கூழும், சுற்றிலும் நார்வளையமும் கொண்ட இவை பாரந்தாங்கும் மெத்தைகளாம். வயதுவந்தோர்க்குத் தட்டின் உட்புறம் இரத்தக் குழாய் இல்லை. மேலும் கீழுமுள்ள மெல்லிய தகடுகளின் வழியே கசிந்து வருவதே அதற்கு முக்கிய ஆகாரம். கோயமுத்தூர் கங்கா மருத்துவமனையின் டாக்டர் எஸ். ராஜசேகரன் குழுவினர், இரத்தத்தில் ஏற்றிய மருந்து தட்டினுள் பரவுவதைக் காந்தப் படங்களால் மணிக்கணக்காகப் பின்தொடர்ந்து, அத்தகடே வாயில் என விளக்கினர்; அவ்வாராய்ச்சி 2004இல் சர்வதேசப் பரிசு பெற்றது. வாயில் கெட்டால் உள்ளிருக்கும் உயிரணுக்கள் பட்டினியாகும். கைக்காயம் ஆறுவதுபோல் தட்டு எளிதில் ஆறாமைக்குக் காரணம் இதுவே.

புதிய சிகிச்சையின் முறை வருமாறு: நோயாளியின் இரத்தத்தை எடுத்து இயந்திரத்திலிட்டுச் சுழற்றுவர். தட்டணுக்கள் மிகுந்த மஞ்சள்நீர் தனியே பிரியும். காயத்தை ஆற்றத் தூண்டும் சத்துக்கள் அதில் உள. அதனைப் படம் பார்த்துக்கொண்டே ஊசியால் தட்டினுள் செலுத்துவர்.

பலன் எத்தகையது? முயல்களிடம் செய்த சோதனைகளில் தட்டின் உயரம் ஓரளவு மீண்டது. 2016இல் வெளியான அமெரிக்கச் சோதனையில் 47 பேர் சேர்க்கப்பட்டனர். சிகிச்சை பெற்றவர்க்கு எட்டு வாரங்களில் வலி குறைந்து நடமாட்டம் தேறியது. 2022இல் வெளியான மற்றொரு சோதனையிலோ, உப்புநீர் பெற்றவர்க்கும் இவர்க்கும் குறிப்பிடத்தக்க பேதம் காணப்படவில்லை. வலி தணிதல் வேறு, தட்டு வளர்தல் வேறு. மனிதரிடத்துப் பின்னது இன்னும் நிலைநாட்டப்படவில்லை. வாயில் அடைபட்ட வீட்டில் ஆட்களைப் பெருக்கினால் அவர்கள் எதை உண்பர் என்பதே எஞ்சிய கேள்வி.

ஆகையால், இச்சிகிச்சையைப் பொய்யென்று தள்ளவும் வேண்டா. இதற்காக மிளகுத் தோட்டத்தை அடகு வைக்கவும் வேண்டா. பெரும்பாலான இடுப்பு வலி, உடலை அசைத்து நடமாடிவர, சில வாரங்களில் தணியும். கால் மரத்து வலுவிழந்தாலும், சிறுநீர் கட்டுப்பட்டாலும், அறியாமற் கழிந்தாலும் ஒரு பொழுதும் தாமதியாது பெரிய ஆஸ்பத்திரிக்குச் செல்லுக. ஊசி போட எவரேனும் சொன்னால், "இது சோதனையில் உள்ளதா? தட்டில் கிருமி புகும் அபாயம் எவ்வளவு? முழுச் செலவு எவ்வளவு?" எனக் கேட்க நாணவேண்டா.

நிற்க. சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் நமது மலையூர்களில் சிறுதானிய அரவை யந்திரங்களை அமைத்தமையால், உரலில் குனிந்து குத்தும் ஸ்திரீகளின் சிரமம் குறைந்தது. அவ்வாறே நாமும் புகையிலையை விடுவோம். சுமையைப் பாதியாக்கி இருமுறை சுமப்போம். ஊர்தோறும் சாலைவரை பொது வண்டி செல்ல வழி தேடுவோம். பழுதான முதுகைப் புதுப்பிக்கும் வித்தை கைகூடும்வரை, பழுதாகாமற் காப்பதே நமது சங்கத்தின் கடனாகும்.