தாயைக் கூண்டில் ஏற்றாதீர்கள்



ஒரு பையன் வகுப்பில் ஓரிடத்தில் உட்காருவதில்லை. பக்கத்துப் பிள்ளையின் பென்சிலைப் பிடுங்குகிறான், கேள்வி முடியும் முன்பே பதிலைக் கத்துகிறான். பள்ளிக்கூடத்திலிருந்து யாருக்குப் போன் போகிறது? அம்மாவுக்கு. சொந்தக்காரர்கள் யாரைப் பார்க்கிறார்கள்? அம்மாவை. “வளர்ப்பு சரியில்லை.” தீர்ப்பு முடிந்துவிட்டது.

இதே தீர்ப்பைப் படித்த மேதைகளும் சொன்ன காலம் உண்டு. பிள்ளைக்கு ஆட்டிசம் வருவதற்குப் பெற்றவர்களின் பாசக்குறைவுதான் காரணம் என்று 1967இல் அமெரிக்காவில் புரூனோ பெட்டல்ஹைம் புத்தகமே எழுதினார். எத்தனை தாய்மார்கள் அதை நம்பிக் குமைந்திருப்பார்கள்! பத்து ஆண்டுகள் கழித்து, 1977இல், சூசன் ஃபோல்ஸ்டைனும் மைக்கேல் ரட்டரும் பிரிட்டனில் 21 இரட்டையர் ஜோடிகளை ஆராய்ந்தார்கள். ஒரே கருமுட்டையிலிருந்து பிரிந்தவை 11 ஜோடிகள். அவற்றில் நான்கில் இருவருக்குமே ஆட்டிசம். தனித்தனிக் கருமுட்டையில் பிறந்த 10 ஜோடிகளில் ஒன்றில்கூட அப்படி இல்லை. இரண்டு வகையிலும் ஒரே வீடு, ஒரே தாய், ஒரே சோறு. வேறுபட்டது மரபணுதான். பழி சுமந்த தாய்மார்களிடம் யார் போய் மன்னிப்புக் கேட்டார்கள்?

நான் முதலில் சொன்ன பையனுக்கு இருப்பது ஏடிஹெச்டி எனும் கவனக்குறைவு-மிகைத்துடிப்புக் குறைபாடாக இருக்கலாம். டாக்டரின் அறைக்கு வெளியே அவனை அதட்டும் அப்பாவைக் கவனியுங்கள். டோக்கன் எண் வருவதற்குள் நாலு தடவை எழுந்து வாசலுக்குப் போய்வருவார். “நானும் சின்ன வயசில் இப்படித்தான்” என்பார். ஏடிஹெச்டியில் பிள்ளைக்குப் பிள்ளை காணும் வேறுபாட்டில் மரபின் பங்கு 70 முதல் 80 சதவீதம் என்று இரட்டையர் ஆய்வுகள் கணக்கிடுகின்றன. இது ஊர்ப் பிள்ளைகள் அத்தனை பேரையும் சேர்த்துப் பார்க்கும் கணக்கு. உங்கள் வீட்டுப் பிள்ளையின் ஜாதகம் அல்ல!

“ரத்தத்திலேயே ஊறியது, இவன் திருந்தமாட்டான்” என்று கைகழுவுகிறவர்களுக்கும் சொல்கிறேன். மரபணுத் தொகுப்பில் ஏடிஹெச்டியோடு தொடர்புள்ள 27 இடங்களை 2023இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்று காட்டியது. ஒவ்வொன்றின் பங்கும் மிகமிகச் சிறியது. குற்றவாளி மரபணு என்று ஒன்று இல்லை. மரபில் வந்தாலும், பெற்றோருக்கான பயிற்சியாலும் வகுப்பறை மாற்றங்களாலும், தேவைப்பட்டால் மருந்தாலும் அந்தப் பிள்ளையின் நாள் மாறுகிறது.

ஆசிரியப் பெருமக்களே, பிறந்த குழந்தை முதல் 18 வயது வரை பரிசோதிக்க 2013இல் தொடங்கிய அரசுத் திட்டத்தின் பட்டியலில் ஆட்டிசமும் ஏடிஹெச்டியும் இருக்கின்றன. அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி என்றால் மருத்துவக் குழு உங்கள் பள்ளிக்கே வருகிறது. அடுத்த முறை வரும்போது அந்தப் பையனின் பெயரை முதலில் சொல்லுங்கள். அவன் அம்மாவைக் கூப்பிட்டால், உட்கார நாற்காலி போட்டுப் பேசுங்கள்.