சாவி யாரிடம் இருக்கிறது?

(திருவேங்கடத்தில் கல்லூரி மாணவர்களும் அலுவலகப் பணியாளர்களும் கலந்துகொண்ட விழிப்புணர்வு நிகழ்வில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் தீயணைப்பு வீரரும் இல்லை, மருத்துவரும் இல்லை. செய்தித் துறையில் எழுதுகிற வேலை. "அவசர காலத்தில் செய்ய வேண்டியவை" என்று துண்டுப் பிரசுரம் எழுதிக் கொடுப்பதும் அதில் ஒன்று. அதை வாங்குகிறவர்கள் பாதிப் பேர் வடை மடிக்கத்தான் வைத்துக்கொள்கிறார்கள், எனக்கும் தெரியும். அதனால் பிரசுரத்தில் இடம் பத்தாமல் விட்டுப்போகிற விஷயங்களை இன்றைக்குப் பேசலாம் என்று வந்தேன்.

முதலில் ஒரு கேள்வி. நீங்கள் தினமும் உட்காருகிற வகுப்பறைக்கு, அலுவலக அறைக்கு, எத்தனை வாசல்? அதில் எத்தனை திறக்கும்?

நான் படித்த கல்லூரியில் (பெயர் வேண்டாமே) எங்கள் வகுப்புக்கு இரண்டு கதவு. பின்கதவை மறைத்து ஒரு இரும்பு பீரோ. மூன்று வருடத்தில் அந்தக் கதவு திறந்து நான் பார்த்ததே இல்லை. சாவி எங்கே என்று கேட்டால், வாட்ச்மேன் அண்ணனிடம் இருக்கு என்பார்கள் ஆபீஸில். அவரிடம் கேட்டால், ஆபீஸில்தானப்பா இருக்கு என்பார். எங்களுக்கு அது பெரிய நகைச்சுவை. இதழியல் வகுப்பில் கும்பகோணம் பள்ளித் தீ விபத்து பற்றி எழுதச் சொன்ன அன்றுதான் அந்தச் சிரிப்பு நின்றது.

2004 ஜூலை 16. சமையல் கொட்டகையில் பற்றிய நெருப்பு, கீற்றுக் கூரை வழியாக மாடி வகுப்பறைக்குத் தாவியது. இறங்கி ஓட அகலமான வழி இல்லை. 94 குழந்தைகள் இறந்தார்கள். அதற்குப் பிறகு பள்ளிகளில் கீற்றுக் கூரைகளை அகற்ற அரசு உத்தரவிட்டது, கூரைகள் மாறின. இன்றைக்கு உங்கள் தலைக்கு மேலே கான்கிரீட் இருக்கிறது, நல்லது. ஆனால் கான்கிரீட் அறைக்குள்ளும் பெஞ்சு, திரைச்சீலை, ஒயர், காகிதம் எல்லாம் எரியும். அந்தப் புகை பின்கதவு வழியாகப் போக முடியாது, பீரோ இருந்தால் நீங்களும் போக முடியாது.

இந்த வட்டாரத்தில் தீப்பெட்டித் தொழில் தெரியாத குடும்பம் குறைவு. மருந்து எவ்வளவு வேகமாகப் பற்றும் என்று எனக்கு நீங்கள்தான் சொல்லித் தரவேண்டும். ஆனால் தீப்பெட்டி ஆபீஸில் காட்டுகிற கவனத்தை நம்ம கம்ப்யூட்டர் லேபில் காட்டுகிறோமா? ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் ஆறு பிளக், அதற்குக் கீழே பழைய விடைத்தாள் கட்டு. இதைச் சொல்லும்போது முன்வரிசையில் இரண்டு பேர் சிரிக்கிறீர்கள், அப்போ இங்கேயும் இருக்கு!

அலுவலக நண்பர்களுக்கு ஒரு சம்பவம். 2012 ஜனவரி, பொங்கல் விடுமுறை. சென்னை எழிலக வளாகத்தில், அரசு அலுவலகங்கள் இயங்கிய பழைய கலச மகாலில் இரவில் தீப்பிடித்தது. ஊழியர்கள் யாரும் உள்ளே இல்லை. அணைக்கப் போன தீயணைப்பு நிலைய அலுவலர் அன்பழகன் உயிரிழந்தார், அதிகாரி பிரியா ரவிச்சந்திரன் தீக்காயம் அடைந்தார். நாம் விடுமுறைக்குக் கிளம்பும்போது அணைக்காமல் விடுகிற ஒரு ஸ்விட்சுக்காக முன்பின் தெரியாத ஒருவர் நெருப்புக்குள் போக வேண்டியிருக்கலாம். அந்தத் தீ ஸ்விட்சால் வந்தது என்று நான் சொல்லவில்லை. கடைசியாகக் கிளம்புகிறவர் மெயினைப் பார்த்துவிட்டுப் போக வேண்டும் என்கிறேன்.

இன்னொன்றும் உண்டு. அலுவலகத்தில் பல வருடம் வேலை பார்த்தவருக்குக் கோப்பு என்றால் உயிர். ஃபைல் உள்ளே இருக்கே என்று திரும்பி ஓடுவார். மாணவர்களுக்கு அது போன், பை, ரெக்கார்டு நோட்டு. தயவுசெய்து போகாதீர்கள். காகிதத்தைத் திரும்ப வாங்க வழி இருக்கிறது. மிக்ஜாம் புயலுக்குப் பிறகு சான்றிதழ்களை இழந்தவர்களுக்காக அரசு சிறப்பு முகாம்கள் நடத்தியது நினைவிருக்கும். மதிப்பெண் சான்றிதழை இன்றே டிஜிலாக்கரில் ஏற்றி வையுங்கள். அது இருந்தால், திரும்பி ஓடத் தோன்றுகிற அந்தக் கணத்தில் மனசு கொஞ்சம் தயங்கும்.

சரி, தீ என்றால் என்ன செய்வது? சத்தமாக "தீ" என்று கத்துங்கள், வெட்கப்பட வேண்டாம். மெயினை அணைக்க முடிந்தால் அணையுங்கள், மின்சாரத் தீயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். குப்பைக்கூடை அளவு தீ என்றால் மட்டும் அணைப்பானை எடுங்கள், அதுவும் வெளியேறும் வாசல் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி நின்று. பின்னைப் பிடுங்கி, கொழுந்தைப் பார்த்து அடிக்காமல், தீயின் அடிப்பகுதியைப் பார்த்து இடமும் வலமும் பீய்ச்ச வேண்டும். சிறிய அணைப்பான் சில விநாடிகளில் தீர்ந்துவிடும். அதற்குள் அடங்காவிட்டால் வெளியே வந்து கதவைச் சாத்துங்கள். புகை இருந்தால் குனிந்து, முடியாவிட்டால் தவழ்ந்து. லிஃப்ட் கூடாது. மூடிய கதவைத் திறக்கும் முன் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். சுட்டால் அந்த வழி வேண்டாம்.

வெளியே வந்ததும் ஆளாளுக்கு வீட்டுக்கு போன் போட்டுக்கொண்டு கலைந்து போகக் கூடாது. ஒரே இடத்தில் கூடுங்கள், வேப்பமரத்தடியோ கொடிக்கம்பமோ, முன்பே பேசி வைத்த இடத்தில். ஆசிரியர் கையில் வருகைப் பதிவேடு இருந்தால் ஐந்து நிமிடத்தில் யார் இல்லை என்று தெரியும். கழிவறைக்குப் போனவள், மாடி நூலகத்தில் தூங்கிப் போனவன், சக்கர நாற்காலியில் வருகிற தோழி, இவர்களைத்தான் பதற்றத்தில் மறக்கிறோம். நடக்கச் சிரமப்படுகிற ஒவ்வொருவருக்கும் துணையாக இரண்டு பேரை இன்றே பெயர் சொல்லி நியமியுங்கள். யாராவது கூட்டிட்டுப் போவாங்க என்பது நியமனம் ஆகாது.

அடுத்து, போன். 108-க்கோ 112-க்கோ அழைக்கும்போது, எடுக்கிறவர் உங்கள் ஊர்க்காரர் இல்லை. "திருவேங்கடம்" என்று மட்டும் சொன்னால் அவருக்குத் திருப்பதி மலைதான் ஞாபகம் வரும்! தென்காசி மாவட்டம், திருவேங்கடம் வட்டம், எந்தச் சாலை, பக்கத்தில் எந்தப் பெரிய அடையாளம், எத்தனை பேருக்கு என்ன ஆபத்து என்று சொல்லுங்கள். அவர்கள் வைக்கச் சொல்லும்வரை போனை வைக்காதீர்கள். ஒருவர் சாலைமுனையில் போய் நின்று வண்டிக்கு வழி காட்டட்டும். தீயணைப்புத் துறைக்கு 101, மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறைக்கு 1077.

வகுப்பில் ஒருவருக்கு வலிப்பு வந்தால் நம் ஊரில் எல்லோரும் முதலில் தேடுவது இரும்புச் சாவி. (பின்கதவுச் சாவி கிடைக்காத கல்லூரியில்கூட இந்தச் சாவி உடனே கிடைத்துவிடும்.) சாவியால் வலிப்பு நிற்காது. பெஞ்சை நகர்த்துங்கள், தலைக்குக் கீழே மெத்தென்று எதையாவது வையுங்கள், ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதுவும் திணிக்காதீர்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் 108. பாம்புக்கடிக்கும் அப்படித்தான். கட்டுப் போடுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். மோதிரம், வளையலைக் கழற்றி, கடிபட்ட பகுதியை அசைக்காமல் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

நம்ம கரிசல் காட்டில் மழைக்கே ஏங்குகிறோம், வெள்ளம் எங்கே வரப்போகுது என்று ஒருவர் என்னிடம் கேட்டார். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்காசி உட்பட நான்கு தென் மாவட்டங்களை மழை புரட்டிப் போட்டதை அவர் மறந்துவிட்டார். 2024 மே 17-ல் பழைய குற்றாலத்தில் திடீரென்று வந்த வெள்ளம் 17 வயதுப் பையனை அடித்துக்கொண்டு போனது. உங்கள் வயதுதான். கல்லூரியில் இருந்து குற்றாலம் போகாத ஆண்டு உண்டா உங்களுக்கு?

ஜப்பானில் காமாய்ஷி என்று ஒரு கடலோர நகரம். 2011 மார்ச் 11 அன்று நிலம் நடுங்கியதும் அங்கே ஒரு நடுநிலைப்பள்ளிப் பிள்ளைகள் மேட்டை நோக்கி ஓடினார்கள். அதைப் பார்த்துப் பக்கத்துத் தொடக்கப்பள்ளிக் குழந்தைகளும் ஓடினார்கள். முதலில் போய் நின்ற இடம் போதாது என்று இன்னும் மேலே ஏறினார்கள். சுனாமி வந்தது. அந்த நகரத்தில் ஏறத்தாழ 3,000 மாணவர்கள் பிழைத்தார்கள். அவர்கள் திறமையாக ஓடியதற்குக் காரணம், அதற்கு முன் பலமுறை சும்மா ஓடிப் பழகியிருந்ததுதான்.

அதனால் இதற்கு மேல் நான் பேசப்போவதில்லை. இந்த அரங்குக்கு மூன்று வாசல் இருக்கிறது. வரும்போதே பார்த்தேன், இடதுபக்க வாசலில் பூட்டுத் தொங்குகிறது. சாவி யாரிடம் என்று கேட்டேன். தேடிக்கொண்டிருக்கிறார்கள். கிடைத்ததும் மணி அடிப்பார்கள். பை அப்படியே இருக்கட்டும், போனும்தான். பின்வரிசையில் இருப்பவர்கள் முதலில் எழுந்திருங்கள். நான் கொடிக்கம்பத்தடியில் நின்று எண்ணுகிறேன்.