இலையில் சமையல், மங்கில் பால்



பால்மரம் இலை உதிர்க்கும் காலத்தில் மங்கில் பால் குறைகிறது. நம் வருமானமும் குறைகிறது. இலைக்கும் பாலுக்கும் என்ன உறவு?

மரத்தின் அடுப்படி இலைதான். இலையின் உயிரணுக்களுக்குள் பசுங்கணிகம் என்னும் மிகச் சிறிய பச்சைப் பைகள் உள்ளன. ஒளிச்சேர்க்கை அங்கே இரு கட்டங்களாக நடக்கிறது.

முதற்கட்டத்தில் பச்சையம் வெயிலின் ஆற்றலைப் பிடிக்கிறது. அதனால் வேர் அனுப்பிய நீர் பிளவுபட்டு, நாம் சுவாசிக்கும் பிராணவாயு வெளியேறுகிறது. பிடித்த ஆற்றல் சில வேதிப்பொருள்களில் சேமிக்கப்படுகிறது.

இரண்டாங்கட்டம் வெயிலை நேரடியாகப் பயன்படுத்துவதில்லை. சேமித்த ஆற்றலைக் கொண்டே, காற்றிலுள்ள கரியமில வாயுவைச் சர்க்கரையாக்குகிறது. இவ்வழியைக் கண்டறிந்த மெல்வின் கால்வின் 1961-இல் நோபல் பரிசு பெற்றார்.

அந்தச் சர்க்கரை பட்டை வழியாக இறங்குகிறது. பட்டையிலுள்ள பால்குழாய்கள் அதிலிருந்தே ரப்பரை உண்டாக்குகின்றன. இலை உதிர்ந்தால் சமையல் நிற்கிறது. இருந்த சேமிப்பும் புதுத்தளிருக்குச் செலவாகிறது.

ஆகவே, அந்நாள்களில் பால் குறைவது வெட்டுபவரின் கைக்குற்றமன்று. கூடுதல் பாலுக்காகக் கத்தியை ஆழமாக இறக்கினால் மரம் காயப்படும்; புதுப்பட்டை சீராக வளராது. தளிர் முற்றும்வரை பொறுத்திருப்போம். நம் பிள்ளைகளுக்கும் இதைக் காரணத்தோடு சொல்லிக் கொடுப்போம்.