பிராசஸர் எண்ணை முழுதாகப் படிப்போம்

(உயர்கல்வியில் சேரும் மாணவ மாணவியருக்கும் பெற்றோருக்கும் நமது அறக்கட்டளை அலுவலகத்தில் நிகழ்த்திய உரை)



கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டால் நம் வீடுகளில் அடுத்து எழும் பேச்சு கம்ப்யூட்டர்தான். அண்ணன், தங்கை என எல்லோரும் மாறி மாறிப் பயன்படுத்தவும், பழுதானால் பழுதான பாகத்தை மட்டும் மாற்றிக்கொள்ளவும் டெஸ்க்டாப் வசதியானது. பாகங்களைத் தனித்தனியே தேர்ந்தெடுத்துக் கடையில் பொருத்தி வாங்கினால், ஒவ்வொரு பாகத்துக்கும் எவ்வளவு கொடுக்கிறோம் என்பதும் நமக்குத் தெரியும். ஆனால் அதில் ஒரு பொறுப்பும் நம் தலையில் விழுகிறது. எந்தப் பிராசஸர் வேண்டும் என்பதை நாம் சொல்ல வேண்டும். நாம் சொல்லாவிட்டால் கடைக்காரர் சொல்வார். அன்று அவரிடம் எது இருப்பில் இருக்கிறதோ அதைத்தான் சொல்வார்.

இதைப் பற்றி இன்று பேசுவதற்குக் காரணம் உண்டு. வட்டியில்லாக் கடன் கேட்டு வரும் விண்ணப்பங்களோடு கடைகளின் கொட்டேஷன்களும் எங்களிடம் வருகின்றன. பலவற்றில் "ஐ5 பிராசஸர்", "ஐ7 பிராசஸர்" என்று மட்டுமே எழுதியிருக்கிறது. கார் வாங்குகிறவர் எந்த மாடல், எந்த வருடத்து வண்டி என்று கேட்காமல் பணத்தை எண்ணிக் கொடுப்பாரா? அறக்கட்டளை தரும் பணம் அமானிதம். அது திரும்பி வந்தால்தான் அடுத்த வீட்டுப் பிள்ளைக்குப் போய்ச் சேரும். தேவைக்கு மேல் ஒரு பத்தாயிரத்தைப் பிராசஸரில் போட்டால் அது இன்னொரு பிள்ளையின் செமஸ்டர் கட்டணம். தேவைக்குக் குறைவாக வாங்கினாலோ இரண்டாம் ஆண்டிலேயே மறுபடியும் கடன் கேட்க நேரும். இரண்டுமே நஷ்டம்தான்.

கல்யாண வீட்டுச் சமையல்

பிராசஸர் என்பது கம்ப்யூட்டரில் கணக்குப் போடும் சில்லு. அதன் விளம்பரத்தில் 'கோர்', 'கிகாஹெர்ட்ஸ்', 'கேஷ்' என்ற சொற்கள் வரும். நமக்குப் பழக்கமான கல்யாண வீட்டுச் சமையலை நினைத்துக்கொண்டால் இவை எளிதில் புரியும்.

கோர் என்பது சமையல்காரர்களின் எண்ணிக்கை. கிகாஹெர்ட்ஸ் என்பது அவர்கள் கை அசையும் வேகம். கேஷ் என்பது கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் மசாலாத் தட்டு. ரேம் என்பது நறுக்கியதைப் பரப்பி வைக்கும் இடம். எஸ்எஸ்டி என்பது பின்னால் இருக்கும் சாமான் அறை.

இதிலிருந்து இரண்டு விஷயங்கள் விளங்கும். முதலாவது, ஒரே அண்டாவில் ஒரே பதார்த்தம் ஆக்கும்போது பத்துப் பேர் நின்றாலும் ஒன்பது பேர் வேடிக்கைதான் பார்ப்பார்கள். அதுபோல, பல மென்பொருள்கள் ஒரு கோரின் வேகத்தை நம்பியே ஓடுகின்றன. இரண்டாவது, எத்தனை திறமையான சமையல்காரர் வந்தாலும் நறுக்கியதை வைக்க இடமில்லாமல், சாமான் அறையும் தெருக்கோடியில் இருந்தால் சாப்பாடு தாமதமாகத்தான் வரும். பிராசஸரில் பணத்தைக் கொட்டிவிட்டு 4 ஜிபி ரேமும் பழைய ஹார்டு டிஸ்க்கும் போடுவது இப்படித்தான். முதலில் ஓர் எஸ்எஸ்டி, குறைந்தது 8 ஜிபி, முடிந்தால் 16 ஜிபி ரேம். இவற்றுக்குப் பணம் ஒதுக்கிவிட்டு மீதியில் பிராசஸரைத் தேடுவதே முறை.

எண் சொல்லும் செய்தி

டெஸ்க்டாப் பிராசஸர்களில் நம் கடைகளில் கிடைப்பவை இன்டெல், ஏஎம்டி என்ற இரண்டு நிறுவனங்களுடையவை. இரண்டுமே நல்லவைதான். அதில் கட்சி கட்ட வேண்டியதில்லை.

இன்டெல்லில் ஐ3, ஐ5, ஐ7, ஐ9 என்பவை ஒரே தலைமுறைக்குள் உள்ள படிகள் மட்டுமே. அதற்குப் பின்னால் வரும் எண்ணில்தான் தலைமுறை இருக்கிறது. ஐ5-12400 என்றால் 12ஆம் தலைமுறை. ஐ7-2600 என்றால் 2ஆம் தலைமுறை.

ஓர் ஒப்பீடு பாருங்கள். ஐ7-2600 வெளிவந்தது 2011இல். நான்கு கோர், 95 வாட். ஐ3-12100 வெளிவந்தது 2022இல். அதுவும் நான்கு கோர்தான், 60 வாட். கிகாஹெர்ட்ஸ் அளவிலும் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனாலும் ஒவ்வொரு துடிப்பிலும் புதியது செய்யும் வேலை மிக அதிகம். ஒரு கோரின் வேகத்தில் ஏறத்தாழ இரண்டு மடங்கு என்று சொல்லலாம். ஸ்டிக்கரில் 'ஐ7' என்று இருப்பதால் பழையதை உயர்வாகவும், 'ஐ3' என்று இருப்பதால் புதியதைத் தாழ்வாகவும் எண்ணிவிடுகிறோம். "குறைந்த விலையில் ஐ7" என்ற பேச்சு எடுபடுவது இதனால்தான்.

பழையதில் வேறொரு சிக்கலும் உண்டு. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11ஐ முறைப்படி ஏற்க, சில விலக்குகள் நீங்கலாக, இன்டெல்லில் 8ஆம் தலைமுறையோ ஏஎம்டியில் ரைசன் 2000 வரிசையோ அதற்குப் பிந்தையவையோ வேண்டும். பழைய கம்ப்யூட்டர் வீண் என்று சொல்லவில்லை. லினக்ஸ் போட்டு, பள்ளிப் பிள்ளைகள் தட்டச்சுப் பழகத் தாராளமாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் அதற்குரிய விலையில் வாங்க வேண்டும். நான்காண்டுப் படிப்பை அதை நம்பித் தொடங்கக் கூடாது.

ஏஎம்டியில் ரைசன் 3, 5, 7, 9 என்பவை படிகள். பின்னால் உள்ள நான்கு இலக்க எண்ணின் முதல் இலக்கம் வரிசையைக் காட்டும். இன்டெல் அண்மையில் 'ஐ' எழுத்தை விட்டுவிட்டு 'கோர் அல்ட்ரா' என்று பெயர் வைத்திருக்கிறது. பெயர் எப்படி மாறினாலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: முழு எண் என்ன, எந்த ஆண்டு வெளிவந்தது?

கடைசி எழுத்தில் கவனம்

எண்ணின் கடைசியில் வரும் ஓர் எழுத்து பல ஆயிரங்களை மிச்சப்படுத்தும், அல்லது விழுங்கும். இன்டெல்லில் 'எஃப்' என்று முடிந்தால் திரையில் படம் காட்டும் பகுதி உள்ளே இயங்காது. ஐ5-12400எஃப் விலை சற்றுக் குறைவாக இருக்கும். வாங்கி வந்து மானிட்டரைச் செருகினால் திரை இருட்டாகவே இருக்கும். தனியாகக் கிராபிக்ஸ் கார்டு வாங்க வேண்டும். எஃப் இல்லாத ஐ5-12400 என்றால் அந்தச் செலவில்லை. ஏஎம்டியில் ரைசன் 5 5600 என்பதில் அந்தப் பகுதி இல்லை, ரைசன் 5 5600ஜி என்பதில் இருக்கிறது.

'கே' என்று முடியும் இன்டெல் பிராசஸர்கள் வேகத்தைக் கூட்டி விளையாடுவோருக்கானவை. அவற்றின் பெட்டியில் குளிர்விக்கும் விசிறி வராது, தனியாக வாங்க வேண்டும். படிக்கும் பிள்ளைக்கு அது தேவையில்லை.

படிப்புக்கு ஏற்ற பிராசஸர்

பி.காம்., பி.ஏ., பி.பி.ஏ. படிப்போருக்கு டேலி, எக்செல், இணைய வகுப்பு, கட்டுரை எழுதுதல் ஆகியவைதான் வேலை. ஐ3-12100 போன்ற நான்கு கோர் பிராசஸர் தாராளம். அலுவலகக் கணக்கு எழுதுவோருக்கும் இதுவே போதும்.

கம்ப்யூட்டர் சயின்ஸ், பி.சி.ஏ. படிப்போர் புரோகிராம் எழுதும்போதே பிரவுசரும் வேறு பல மென்பொருள்களும் ஒன்றாக ஓடும். ஆண்ட்ராய்டு செயலி செய்து பழகினால் இன்னும் பாரம். ஐ5-12400 அல்லது ரைசன் 5 5600ஜி போன்ற ஆறு கோர் பிராசஸரும் 16 ஜிபி ரேமும் பொருத்தம்.

சிவில் படிப்போர் ஆட்டோகேடில் வரைவார்கள். அதன் பெரும்பாலான வேலை ஒரு கோரிலேயே நடக்கிறது. எனவே கோர் எண்ணிக்கையைக் கூட்டுவதைவிடப் புதிய தலைமுறையாகப் பார்ப்பது நல்லது. கட்டட வடிவமைப்பில் முப்பரிமாணப் படங்களை உருவாக்குவோருக்கும் வீடியோ எடிட்டிங்கைத் தொழிலாகச் செய்வோருக்கும்தான் எட்டு கோரும் கிராபிக்ஸ் கார்டும் உண்மையிலேயே பயன்படும். அவர்களும் முதலாண்டிலேயே வாங்கியாக வேண்டும் என்பதில்லை.

போர்டும் மின்சாரமும்

பிராசஸரும் மதர்போர்டும் பூட்டும் சாவியும் போல. இன்டெல் 12, 13, 14ஆம் தலைமுறைகள் எல்ஜிஏ1700 என்ற ஒரே சாக்கெட்டில் பொருந்தும். இன்று ஐ3 போட்டுத் தொடங்கியவர், போர்டு இடம் கொடுத்தால், பின்னாளில் பிராசஸரை மட்டும் மாற்றலாம். ஏஎம்டியில் ஏஎம்4 என்பது பழைய சாக்கெட், செலவு குறைவு. ஏஎம்5 என்பது 2022இல் வந்தது. அதற்கு டிடிஆர்5 ரேம் மட்டுமே பொருந்தும். ஆகவே பிராசஸரின் விலையைத் தனியாகப் பார்க்காமல் பிராசஸர், போர்டு, ரேம் மூன்றின் விலையையும் கூட்டிப் பாருங்கள்.

மின்கட்டணத்தையும் கணக்கில் வையுங்கள். மொத்தக் கம்ப்யூட்டரும் 100 வாட் இழுத்தால், தினம் ஆறு மணி நேரத்துக்கு இரண்டு மாதத்தில் 36 யூனிட் ஆகும். அதுவே 300 வாட் என்றால் 108 யூனிட்.

பணம் கொடுக்கும் முன்

கடையில் நான்கு காரியங்களைச் செய்யுங்கள்.

ஒன்று, கொட்டேஷனில் பிராசஸரின் முழு எண்ணையும் கடைசி எழுத்தையும் சேர்த்து எழுதித் தரச் சொல்லுங்கள்.

இரண்டு, சீல் உடையாத பெட்டியில் வரும் பிராசஸரா, பெட்டியின்றி வரும் 'ட்ரே' பிராசஸரா என்று கேளுங்கள். பெட்டியில் வருவதற்கு வழக்கமாக மூன்றாண்டு நிறுவன வாரண்டி உண்டு. பெட்டியில்லாததற்குப் பெரும்பாலும் கடைக்காரரின் வாக்குதான் வாரண்டி.

மூன்று, ஜிஎஸ்டி பில் வாங்குங்கள். பில் இல்லாமல் தருவது மலிவாகத் தெரியும். பழுதாகும் நாளில் கையில் எதுவும் இருக்காது.

நான்கு, கம்ப்யூட்டரைப் பொருத்தி முடித்ததும் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்துங்கள். திறக்கும் டாஸ்க் மேனேஜரில் 'பெர்ஃபார்மன்ஸ்' பகுதிக்குப் போனால் பிராசஸரின் பெயர் முழுதாகத் தெரியும். கொட்டேஷனில் உள்ளதும் திரையில் உள்ளதும் ஒன்றா என்று பார்த்த பிறகே மீதிப் பணத்தைக் கொடுங்கள்.

சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. பல வீடுகளில் இதற்காகக் கழற்றிக் கொடுக்கப்படுவது உங்கள் கழுத்து நகைதான். ஆகவே, "எனக்கு இதெல்லாம் தெரியாது" என்று ஒதுங்காமல் அந்த எண்ணை நீங்களும் வாசித்துப் பாருங்கள். மகளையும் கடைக்கு அழைத்துச் செல்லுங்கள். பயன்படுத்தப் போகிறவள் அவள்தானே.

கடன் விண்ணப்பம் கொடுப்போர் கொட்டேஷனை அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே அலுவலகத்துக்குக் கொண்டு வாருங்கள். உடன் அமர்ந்து ஒவ்வொரு வரியாகப் பார்த்துத் தருகிறோம், இன்ஷா அல்லாஹ். முழு எண் இல்லாத கொட்டேஷனை இனி நாங்கள் ஏற்பதில்லை.

வஸ்ஸலாம்.