கோழிக்கே காய்ச்சல் வந்தால்…



மருந்தா, முன்னெச்சரிக்கையா? எதிரணி அண்ணன் என்ன சொல்லிட்டுப் போனார்? "பறவைக் காய்ச்சல் வந்தா வரட்டும், தடுப்பூசி போட்டுக்கலாம்" என்றார். அண்ணே, ஃப்ளூ தடுப்பூசியில் பெரும்பகுதியை எதில் வளர்க்கிறாங்க தெரியுமா? கோழி முட்டையில்! கோழிக்கே காய்ச்சல் வந்தா முட்டைக்கு எங்கே போவீங்க? (சிரிப்பு)

இந்தக் கிருமி ஒரே மாதிரி இருக்கிற ஆளும் இல்லை. பெருகும்போதெல்லாம் உருமாறுது. நீங்க அளவெடுத்துச் சட்டை தைக்கிறதுக்குள்ள பையன் வளர்ந்து நிக்கிறான்!

1997. ஹாங்காங். மே மாதம் மூன்று வயதுக் குழந்தை ஒன்று இறந்தது. காரணம் எச்5என்1 என்று தெரிய ஆகஸ்ட் ஆயிற்று. அதுவரை அந்தப் பறவைக் கிருமி மனிதனைத் தொற்றியதாகவே யாரும் அறியவில்லை. மொத்தம் 18 பேருக்கு வந்தது. 6 பேர் போய்விட்டார்கள். அரசு மருந்துக்காகக் காத்திருந்ததா? டிசம்பர் 29-ஆம் தேதி தொடங்கி, சில நாட்களில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கோழிகளை அழித்தது. வியாபாரிகளுக்குப் பெருத்த அடிதான், நான் மறுக்கவில்லை. ஆனால் மனிதர்களுக்குத் தொற்றுவது அப்போது அங்கே நின்றது! (கைதட்டல்)

"அதோட தொலைஞ்சுதா?" என்று எதிரணி அக்கா கேட்கிறார். தொலையலை. 2003-லிருந்து பல நாடுகளில் 900 பேருக்கு மேல் பிடித்து, ஏறக்குறைய பாதிப் பேரைக் கொண்டுபோயிருக்கிறது. பறவையின் பூட்டுக்குச் செய்த சாவி, நம்ம தொண்டைப் பூட்டுக்குச் சரியாப் பொருந்தலை. அதனால்தான் ஆளுக்கு ஆள் சுலபமாகப் பரவலை. ஆனா அவன் சாவியை ராவிக்கிட்டே இருக்கானே!

2024 மார்ச்சில் அமெரிக்காவில் எங்கே கண்டுபிடித்தார்கள் தெரியுமா? கறவை மாட்டுப் பாலில்! பறவைக் கிருமிக்கு மாட்டு மடியில் என்ன வேலை? பண்ணையில் பச்சைப் பாலைக் குடித்த பூனைகள் செத்தன. முறையாகச் சூடுபடுத்திய பாலில் கிருமி பிழைக்காது.

நடுவர் அவர்களே, மணி அடிச்சாச்சு, ஒரே ஒரு கேள்வி. நம்ம பாட்டி பாலைக் காய்ச்சாமல் யாருக்காவது கொடுத்ததுண்டா? அந்த மருந்து எந்தக் கடையில் வாங்கினது? அடுத்து வருகிற எதிரணி நண்பர் இதற்குப் பதில் சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடங்கட்டும். (பலத்த கைதட்டல்)