மலைத்தடத்திற்கு ஒரு மிதிவண்டி

உத்தியோகத்தின் பொருட்டு வேற்று மாநிலத்திற்குக் குடிவந்தவர்களுக்குப் புதிய ஊர் எளிதில் சொந்த ஊராகிவிடுவதில்லை. அலுவலகத்திற்குச் செல்லும் சாலை, காய்கறிக் கடை, நம்மவர் கூடும் கோயில் ஆகிய இவையே நெடுநாள் வரை நாம் அறிந்த ஊராக இருக்கும். புனேயில் வாழ்வோர் வேதாள் குன்றையும், பெங்களூரில் வாழ்வோர் துரஹள்ளிக் காட்டையும், தில்லியில் வாழ்வோர் ஆரவல்லித் தொடரையும் தொலைவிலிருந்து பார்ப்பதோடு நின்றுவிடுகிறோம். கல்லும் வேரும் நிறைந்த ஒற்றையடிப் பாதைகளில் ஓட்டுவதற்கென்றே அமைந்த மிதிவண்டிகள் இன்று நம் நாட்டுக் கடைகளிலும் கிடைக்கின்றன. அவற்றுள் 'ஹார்டெயில்' எனப்படும் வகையில், நடுத்தர விலையில், நல்ல வண்டியொன்றைத் தேர்ந்தெடுக்கும் முறை குறித்துச் சில சொல்ல விரும்புகிறேன்.

ஹார்டெயில் என்பது முன்சக்கரத்திற்கு மட்டும் அதிர்வுதாங்கி உடைய வண்டி. அதன் பின்புறச் சட்டம் விறைப்பாகவே இருக்கும். பின்னேயும் அதிர்வுதாங்கி உடைய வண்டிகள் உண்டு. அவை மேடுபள்ளங்களில் இன்னும் மெத்தென்று ஓடும். ஆயினும் அவற்றில் மூட்டுகளும் பேரிங்குகளும் பல. விலையும் பராமரிப்பும் மிகுதி. அதே தொகையை ஹார்டெயிலுக்குச் செலவிட்டால், பணம் பிரேக்கிற்கும் முன் ஃபோர்க்கிற்கும் சக்கரங்களுக்கும் போய்ச் சேரும். நடுத்தர விலை என்று நான் இங்கே கருதுவது ஏறத்தாழ 50,000 ரூபாய் முதல் 1,00,000 ரூபாய் வரையில். மாதச் சம்பளக்காரருக்கு இது சிறு தொகை அன்று. ஆதலின் தவறாக வாங்கிவிட்டு வருந்துதல் கூடாது.

அவ்வாறு வருந்தியவன் நான். புனேக்கு மாற்றலாகி வந்த புதிதில் ஒரு கடைக்குச் சென்றேன். கடைக்காரரின் மொழி எனக்கு அரைகுறை. என் மொழி அவருக்கு அறவே தெரியாது. "இருபத்தொரு கியர்" என்றார், தள்ளுபடியும் தந்தார். இருந்த வண்டியோ என் உயரத்திற்குப் பெரியது. சீட்டைத் தாழ்த்திக்கொண்டால் போதும் என்றார்; நானும் தலையசைத்தேன். மூன்றாம் ஞாயிற்றுக்கிழமை குன்றிலிருந்து இறங்குகையில், கம்பியால் இழுபடும் பிரேக்கை முழுக் கையாலும் பற்றி நெரித்தும் வண்டி நிற்கவில்லை. எட்டாத தொலைவில் இருந்த ஹாண்டில்பாரைத் திருப்பவும் இயலவில்லை. மணிக்கட்டு முறிந்து ஆறு வாரம் மாவுக்கட்டுடன் இருந்தேன். அந்நாட்களில் சமைத்துக் கொடுத்தவர்கள் பக்கத்து வீட்டு மராத்தியக் குடும்பத்தார். ஊரில் இருந்த தாயாரிடம் நான் உண்மையைச் சொல்லவில்லை.

அதன்பின் கற்றுக்கொண்ட பாடம் ஒன்றே: வாங்கிய பிறகு மாற்ற முடியாதது எதுவோ, அதை முதலில் பார்க்கவேண்டும், எளிதில் மாற்றக்கூடியதைக் கடைசியாகப் பார்க்கவேண்டும். கடைகளிலோ இந்த வரிசை பெரும்பாலும் தலைகீழாக இருக்கிறது.

மாற்ற முடியாதது சட்டம். சீட்டை ஏற்றலாம், இறக்கலாம். சட்டத்தின் நீளத்தை யாராலும் குறைக்க இயலாது. மலைத்தடத்தில் இறங்கும்போது நாம் சீட்டில் உட்காருவதில்லை. பெடல்களின் மேல் நின்று, முழங்கைகளைச் சிறிது மடக்கி ஓட்டுகிறோம். எனவே கடையிலேயே அவ்வாறு நின்று பாருங்கள். கைகள் நீட்டி விறைத்துக்கொண்டால் சட்டம் பெரிது; முழங்கால் ஹாண்டில்பாரை இடித்தால் சிறிது. தயாரிப்பாளர் தரும் உயர அட்டவணையையும் கேட்டுப் பாருங்கள். ஒரு நிறுவனத்தின் நடுத்தர அளவு மற்றொன்றின் நடுத்தர அளவோடு ஒத்திருக்கும் என்பதில்லை. உங்கள் அளவு கையிருப்பில் இல்லையெனில் காத்திருங்கள். தள்ளுபடிக்காக அளவை விட்டுக்கொடுத்தல் ஆகாது.

சட்டத்தில் மற்றொன்றும் நோக்கத்தக்கது. முன் ஃபோர்க் தரையோடு சாய்ந்திருக்கும் கோணம் 65 முதல் 67 பாகை வரை இருந்தால், முன்சக்கரம் ஓட்டுபவருக்குச் சற்று முன்னே தள்ளி நிற்கும். செங்குத்தான இறக்கத்தில் வண்டி தடுமாறாது. 70 பாகையை ஒட்டிய வண்டிகள் சமநிலத்தில் சுறுசுறுப்பாக ஓடும், இறக்கத்தில் அச்சமூட்டும்.

அடுத்தது பிரேக். இதன் அருமையை மலைமிதிவண்டியின் வரலாறே காட்டும். அமெரிக்காவில், கலிபோர்னியாவின் மாரின் பகுதியில், 1970-களில் சில இளைஞர்கள் தடித்த டயர் கொண்ட பழைய வண்டிகளைக் குன்றின்மேல் கொண்டுபோய், மண்பாதையில் கீழ்நோக்கி விடுத்தனர். 1976 அக்டோபரில் அங்கே தொடங்கிய பந்தயத்திற்கு 'ரீபேக்' என்று பெயர். அவ்வண்டிகளின் பிரேக் பின்சக்கரத்தின் நடுவே, பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பிடிப்பதாக இருந்தது. ஒரே இறக்கத்தில் அது கொதித்து, உள்ளிருந்த கிரீஸ் புகைந்து போய்விடும். கீழே வந்ததும் பிரித்து மீண்டும் கிரீஸ் அடைக்கவேண்டும். மீண்டும் அடைத்தல் என்பதே அப்பெயரின் பொருள். அடுத்த ஆண்டே ஜோ பிரீஸ் என்பவர் இப்பாதைகளுக்கெனத் தனி வண்டி சமைத்தார். 1996-இல் அட்லாண்டாவில் இது ஒலிம்பிக் போட்டியாகவும் ஏறிவிட்டது.

இன்று நாம் கேட்கவேண்டியது எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் டிஸ்க் பிரேக். ஒரு விரலால் இழுத்தாலே பிடிக்கவேண்டும். முன்சக்கரத் தட்டு 180 மில்லிமீட்டராக இருந்தால் நலம். புதிய பிரேக் முதல் நாளே முழுவதும் பிடிக்காது. ஆள் நடமாட்டமற்ற சமதரையில், வேகமாகச் சென்று மெல்ல நிறுத்துவதை இருபது முறையேனும் செய்தபின்பே குன்றுக்குச் செல்லவேண்டும்.

மூன்றாவது முன் ஃபோர்க். 120 முதல் 140 மில்லிமீட்டர் வரை அமுங்கும் ஃபோர்க் நமக்குப் போதும். மலிவானவற்றில் உள்ளே இரும்புச் சுருள் இருக்கும். அது 50 கிலோ எடையுள்ளவருக்கும் 90 கிலோ எடையுள்ளவருக்கும் ஒன்றே. காற்றழுத்த ஃபோர்க்கிலோ சிறு பம்பினால் தத்தம் எடைக்கேற்ப அழுத்தத்தை அமைத்துக்கொள்ளலாம். ஓட்டும் நிலையில் நின்றால், அமுங்கக்கூடிய அளவில் ஐந்தில் ஒரு பங்கு அமுங்கி நிற்பது சரியான தொடக்கம். கடையில் ஹாண்டில்பாரை ஓங்கி அழுத்திவிட்டுப் பாருங்கள். முன்புறம் பழைய ஸ்பிரிங் கட்டிலைப் போல் துள்ளினால் அது வேண்டா, அடங்கி எழவேண்டும். சக்கரத்தைச் சட்டத்தோடு பிணைப்பது மெல்லிய கம்பியா, முழுதும் ஊடுருவும் தடித்த அச்சா என்றும் பாருங்கள். தடித்த அச்சே உறுதி.

இனிக் கியர். இருபத்தொன்று என்ற எண்ணில் மயங்கவேண்டா. முன்னே மூன்றும் பின்னே ஏழும் கொண்ட வண்டியில் பல கியர்கள் ஒன்றையொன்று ஒத்தவை. முன் பல்சக்கரத்தில் 24 பற்களும் பின்னே 28 பற்களும் இருந்தால், பெடல் ஒரு முறை சுற்றுகையில் சக்கரம் ஏறக்குறைய 0.86 சுற்றுச் சுற்றும். முன்னே ஒன்றே ஒன்று, 32 பற்கள். பின்னே பெரியது 51 பற்கள் என்றால் 0.63 சுற்றுத்தான். பன்னிரண்டே கியர் உள்ள வண்டி, இருபத்தொரு கியர் வண்டியைக் காட்டிலும் எளிதாக மேட்டில் ஏறும். எண்ணிக்கையை விட்டுப் பற்களைக் கேளுங்கள்.

டயரும் மண்ணும் பொருந்தவேண்டும். 2.3 அங்குலம் அல்லது சற்று மிகுந்த அகலம் நன்று. தக்காணத்துக் கரிசல் மண் மழையில் டயரோடு அப்பிக்கொள்ளும். சட்டத்திற்கும் டயருக்கும் நடுவே விரல் நுழையும் இடைவெளி வேண்டும். ஆரவல்லியில் வேறு தொல்லை. நம் இராமநாதபுரத்துச் சீமைக் கருவேலம் அங்கும் பரவியிருக்கிறது. அதன் முள்ளுக்கு ட்யூப் தாங்காது. ட்யூபில்லாமல், உள்ளே துளையடைக்கும் திரவம் ஊற்றி ஓட்டக்கூடிய ரிம்மைக் கேட்டு வாங்குங்கள். வெயில் மிகுந்த ஊர்களில் அத்திரவம் காய்ந்துவிடும். சில மாதங்களுக்கு ஒருமுறை மீண்டும் ஊற்றவேண்டும்.

பெடல், சீட்டு, கைப்பிடி, வண்ணம் ஆகியவை கடைசி. இவற்றை நாளை மாற்றிக்கொள்ளலாம்.

நம்மைப் போல் அடிக்கடி மாற்றலாகிறவர்கள் இன்னொன்றும் செய்யவேண்டும். பின் கியர் மாற்றியைத் தாங்குவது ஒரு சிறு அலுமினியத் துண்டு. வண்டி விழுந்தால் முதலில் வளைவது அதுவே. எல்லாச் சட்டங்களுக்கும் அது ஒன்றன்று. ஊர் மாறினால் தேடி அலையவேண்டியிருக்கும். வாங்கும் நாளிலேயே ஒன்றை மிகையாக வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். வண்டிக்கென ஒதுக்கிய தொகையில் நல்ல தலைக்கவசத்திற்கும் கையுறைக்கும் முதலிலேயே பங்கு எடுத்து வைத்துவிடுங்கள். வனத்துறையின் எல்லைக்குள் செல்லுமுன் அனுமதி உண்டா என்று கேட்டறியுங்கள். தடத்தில் நடந்து வருவோருக்கு இறங்கி வழிவிடுங்கள்.

எனக்கு ஏற்ற அளவில் வேறு வண்டி வாங்கி, கை முறிந்த அதே இறக்கத்தில் மீண்டும் ஒரு காலை இறங்கினேன். ஒரு விரலால் பிரேக்கைத் தொட்டதும் வண்டி சொன்னபடி கேட்டது. கீழே வந்ததும், எனக்குச் சமைத்துக் கொடுத்த வீட்டின் பன்னிரண்டு வயதுப் பையன், "மாமா, எனக்கும் ஒன்று பார்த்துத் தருவீர்களா?" என்று மராத்தியில் கேட்டான். முதலில் அவனை நிமிர்ந்து நிற்கச் சொல்லி, உயரத்தை அளந்தேன்.