வரி பாக்கிக்கு ஏலம்: வாங்கும் முன் யோசியுங்கள்



வரி பாக்கி நின்றால் வீடும் நிலமும் ஏலத்துக்கு வரலாம். "ஏலத்தில் மலிவாகக் கிடைக்கும். வாங்கிப் போட்டால் லாபம்" என்று தரகர்கள் ஆசை காட்டுவார்கள். உண்மை என்ன? பார்ப்போம்.

இது பழைய வழக்கம். 1793இல் வங்காளத்தில் கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ் ஜமீன்தார்களுக்கு நிரந்தர வரி விதித்தார். கெடு நாளில் சூரியன் மறைவதற்குள் பணம் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் ஜமீன் ஏலத்துக்குப் போகும். இதை மக்கள் 'சூரியாஸ்தமனச் சட்டம்' என்றார்கள். பெரிய ஜமீன்கள் பல உடைந்தன. விஷ்ணுபூர் ராஜாவின் ஜமீன் 1806இல் ஏலம் போனது. வாங்கியவர் பர்துவான் ராஜா. ஜமீன்களில் வேலை பார்த்தவர்களும் கல்கத்தா வியாபாரிகளும் ஏலத்தில் நிலம் வாங்கிப் பெரிய மனிதர்கள் ஆனார்கள். ஒருவர் வாழ்ந்தார், ஒருவர் வீழ்ந்தார்.

இப்போது கொல்கத்தாவின் தெற்கே உள்ள ஜாதவ்பூருக்கு வருவோம். அங்கே வீட்டு வரி மாநகராட்சிக்குப் போகிறது. வரி பாக்கி என்பது வீட்டின் மேலேயே நிற்கும் கடன். வீடு கை மாறினாலும் பாக்கி கூடவே வரும். ஆகவே வீடு வாங்குகிறவர் முதலில் கேட்க வேண்டியது: "வரி ரசீது எங்கே?"

ஏலத்தில் வாங்கினால் எல்லாம் சுத்தமாகிவிடுமா? ஆகாது. அரசுக்கு வர வேண்டிய பாக்கியை வசூலிக்க வங்காளத்தில் 1913ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உண்டு. அதன்படி விற்றால், பாக்கிதாரருக்கு இருந்த உரிமை மட்டுமே வாங்கியவருக்கு வரும். அவருக்குப் பாதி வீடுதான் சொந்தம் என்றால், உங்களுக்கும் பாதிதான். தமிழ்நாட்டில் நில வரி பாக்கிக்கு 1864ஆம் ஆண்டுச் சட்டம் வேறு மாதிரி. அதன்படி நிலம் வில்லங்கம் இல்லாமல் விற்கப்படும். ஆகவே எந்தச் சட்டப்படி ஏலம் என்று முதலில் கேளுங்கள்.

அந்த 1864ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு கணக்குப் போடுவோம். ஒரு நிலத்தை ரூ. 2,00,000க்கு ஏலம் எடுக்கிறீர்கள். 100க்கு 15 வீதம் ரூ. 30,000 முன்பணம் கட்ட வேண்டும். மீதி ரூ. 1,70,000ஐ 30 நாளுக்குள் கட்ட வேண்டும். தவறினால் முன்பணம் போய்விடும். கடன் கிடைக்கும் என்று நம்பிக் கை தூக்கக் கூடாது.

கட்டிவிட்டால் நிலம் உங்களுடையதா? உடனே இல்லை. பழைய சொந்தக்காரர் 30 நாளுக்குள் பாக்கி முழுவதையும் கட்டலாம். ஏலத் தொகையில் 100க்கு 5 வீதம், அதாவது ரூ. 10,000, உங்களுக்காகக் கட்ட வேண்டும். அப்போது ஏலம் ரத்தாகும். உங்கள் பணம் திரும்பி வரும். அந்த 10,000மும் உங்களுக்கு. நிலம் அவருக்கே. இது நியாயம்தான். அது அவர் குடும்பத்தின் வாழ்வு அல்லவா?

ஜாதவ்பூரில் இன்னொன்றும் பார்க்க வேண்டும். 1947இல் நாடு பிரிந்தபின் கிழக்கு வங்காளத்திலிருந்து அகதிகள் வந்தார்கள். விஜய்கர் போன்ற குடியிருப்புகளை அவர்களே உண்டாக்கினார்கள். பிறகு பலருக்கு அரசு பத்திரம் கொடுத்தது. அது குத்தகைப் பத்திரமா, முழு உரிமைப் பத்திரமா? விற்க நிபந்தனை உண்டா? வரி ரசீது ஒருவர் பெயரில் இருப்பதால் மட்டும் நிலம் அவருடையது ஆகிவிடாது.

அமெரிக்காவிலும் வரி பாக்கிக்கு வீடுகளை ஏலம் விடுகிறார்கள். அங்கே மினசோட்டா மாநிலத்தில் ஒரு மூதாட்டியின் பாக்கி, அபராதம், வட்டி எல்லாம் சேர்ந்து சுமார் 15,000 டாலர். வீடு 40,000 டாலருக்கு விலை போனது. உள்ளூர் நிர்வாகம் முழுப் பணத்தையும் வைத்துக்கொண்டது. அது தவறு என்று 2023இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. பாக்கிக்கு மேல் வந்த பணம் சொந்தக்காரருடையது.

ஆகவே ஏலத்துக்குப் போகும் முன்:

1. ஏல அறிவிப்பை முழுவதும் படியுங்கள். புரியாத இடத்தை வக்கீலிடம் கேளுங்கள்.
2. பத்திரமும் வில்லங்கச் சான்றும் பாருங்கள். வங்காளத்தில் 'பர்ச்சா' என்னும் நிலப் பதிவேட்டு நகலையும் பாருங்கள்.
3. இடத்தை நேரில் பாருங்கள். குடியிருப்பவர் யார்? வாடகைக்காரரா, பங்காளியா? அவர் எளிதில் வெளியேற மாட்டார். வழக்கு வந்தால் லாபம் கரைந்துபோகும்.
4. பணத்தை அதிகாரியிடம் கட்டி ரசீது வாங்குங்கள். தரகர் கையில் கொடுக்காதீர்கள்.
5. ஏலம் உறுதியானபின் விற்பனைச் சான்றிதழ் வாங்குங்கள். வரிப் பதிவேட்டில் பெயர் மாற்றுங்கள்.

சொந்த வீடு உள்ளவர்களுக்கும் ஒரு வார்த்தை. வரியைக் காலத்தில் கட்டுங்கள். ரசீதுகளைப் பத்திரமாக வையுங்கள். நோட்டீசு வந்தால் பயந்து மூலையில் போடாதீர்கள். அதில் ஒரு கெடு தேதி இருக்கும். எழுத்துக் கூட்டியாவது அந்தத் தேதியைப் படித்துவிடுங்கள். அதற்குள் அலுவலகம் போனால் வீடு தப்பும்.